சில்லென்று ஒரு தம்ளர் தண்ணீர்

அந்தச் சனிக்கிழமை காலை, பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்ணின் காலேஜ் சீட் எங்கள் இரண்டு பேர் கையில் இருந்தது. அவளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் முதல் வருடக் கட்டணம் கட்டாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். கட்டணத்தை எங்கள் கம்பெனி கட்டும். ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் அவள் வீட்டைப் பார்த்துவிட்டு, கஷ்டப்படும் குடும்பம்தான் என்று சொல்ல வேண்டும். இருவரில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் கிடையாது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். வீடு நெமிலிச்சேரியில். தினமும் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். எங்கள் கம்பெனி அதைப் பெண் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழிக்கிறது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யார் ஏழை என்று யாராவது சொல்ல வேண்டுமே. அதற்காக வருடா வருடம் ஜூன் மாதத்தில் ஊழியர்களில் விருப்பமுள்ளவர்களை இரண்டிரண்டு பேராக வீடு பார்க்க அனுப்புவார்கள்.

விருப்பம் என்பது பல வகை. ஆண்டு விழாவில் மேடையேற்றி ஒரு கேடயம் கொடுப்பார்கள் என்பதற்காக வருகிறவர் உண்டு. சனிக்கிழமை வீட்டில் இருந்தால் மளிகைக் கடைக்குப் போகச் சொல்வார்கள் என்று வருகிறவர் உண்டு. எம்.டி. கண்ணில் பட வேண்டும் என்று வருகிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனசார வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் எனக்கு அதிகப் பயம். நான் எந்த வகையும் இல்லை. ஹெச்.ஆரில் இருக்கும் பெண், "மேடம், நீங்க அந்தப் பக்கம்தானே" என்று என் பெயரைச் சேர்த்துவிட்டாள். நெமிலிச்சேரிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணா நகரைத் தாண்டினால் அவளுக்கு எல்லாமே அந்தப் பக்கம்தான்.

என்னோடு ஜோடி சேர்த்துவிட்டது தர ஆய்வுப் பிரிவின் தலைமை அதிகாரியை. என்னைவிடப் பெரிய பதவி, பெரிய சம்பளம். ஒரு பாகத்தை அவர் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மயிரிழை அளவு கீறல் இருந்தால் போதும், அது ரிஜெக்ட் என்கிற சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். மற்றபடி மிக நல்ல மனிதர். கேன்டீனில் வேலை செய்கிறவரின் குழந்தைக்கு ஆபரேஷன் என்றபோது ஒவ்வொரு செக்‌ஷனாக நடந்து உதவி கேட்டவர் அவர்தான். யாராவது கஷ்டத்தைச் சொன்னால் அவர் கண் உடனே கலங்கிவிடும். ஆனால் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிட்டால் அதே கண் அப்படியே மாறிவிடும். அழுகையும் கோபமும் அவருக்கு ஒரே குழாயில் வருகிற தண்ணீர்தான்.

ஆவடி–பூந்தமல்லி சாலையில் வரும்போதே ஆரம்பித்துவிட்டார். போன வருடம் இதே ஏரியாவுக்கு வந்தாராம். ஒரு வீட்டில் சுவர் அகலத்துக்கு டிவி மாட்டியிருந்ததாம். அதை வைத்துக்கொண்டு ஏழை என்று எழுதிக் கொடுக்க எப்படித்தான் மனசு வருகிறதோ என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பேசினார். அது கம்பெனிப் பணம். இருந்தாலும் அவர் பேசியதைக் கேட்டால் அவர் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டு போனதுபோல் இருந்தது. எனக்கும் அந்த மாதிரி ஒரு மிதப்பு வருவதுண்டு, அதனால் அவரைக் கேலி செய்ய வாய் வரவில்லை. அடுத்தவர் பணத்தைக் கொடுக்கும்போதும் நாம் கொடுப்பதாகத்தான் தோன்றுகிறது. கொடுக்கிறோம் என்று தோன்றியதுமே ஏமாந்துவிடக் கூடாது என்ற பயமும் வந்துவிடுகிறது.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். வெயில் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா எங்களைப் பார்த்ததும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். கணவர் பெயிண்டராக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு ஒரு கடை வளாகத்தில் வாட்ச்மேன், டியூட்டிக்குப் போயிருந்தார். பெண் சுவரோரம் நின்றாள். சாயம் போன சுடிதார், வாரி இறுக்கிய தலை, முகத்தில் ஒன்றுமே இல்லை. சிரிக்காதே என்று யாரோ சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

உட்காரப் போனபோதுதான் நான் தரையைப் பார்த்தேன். சிவப்புத் தரை, வருடக்கணக்காகக் கால் பட்டுக் கறுத்துப் போன தரை. மூலையில் மட்டும் ஒரு சதுரம் பளிச்சென்று புதுச் சிவப்பாக இருந்தது. அதன் நான்கு மூலையிலும் துரு வட்டம். மேலே சுவரில் ஒரு பிளக் பாயின்ட். சொந்த வீட்டில் ஃபிரிட்ஜை நகர்த்திப் பெருக்கியவர்களுக்கு அது என்ன என்று கேட்கவே வேண்டாம். காலையில்தான் நகர்த்தியிருக்கிறார்கள், ஓரத்துத் தூசிகூட இன்னும் கூட்டப்படவில்லை.

சார் இன்னும் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அந்தச் சதுரத்தின்மேல் போட்டு உட்கார்ந்தேன். ஃபேன் காற்று வராத மூலை அது. கைப்பையைக் காலடியில் வைத்து மீதியையும் மறைத்தேன். நிமிர்ந்தபோது அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் உதடு ஒரு தடவை அசைந்தது, அவ்வளவுதான்.

சார் கேட்க ஆரம்பித்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்றார். நாலு ஃபிளாட்டில் பாத்திரம் தேய்ப்பதாக அம்மா சொன்னார். அந்தக் கையை நான் பார்த்தேன். நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் கிடக்கிற கையாகத் தெரியவில்லை, விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. பைக் உண்டா, வாஷிங் மெஷின் உண்டா, ஃபிரிட்ஜ் உண்டா என்று அவர் வரிசையாகக் கேட்டார்.

"அதுலாம் எங்களுக்கு இன்னாத்துக்கு சார்," என்றார் அம்மா. "ஆக்கறது அன்னன்னிக்குத் தீந்துடுது."

அந்தப் பதில் சாரைத் தொட்டுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று அர்த்தம். பெண்ணிடம் பயாலஜியில் என்ன மார்க் என்று கேட்டார், அவள் சொன்னதும் சபாஷ் என்றார். இன்னும் கொஞ்ச நேரம், எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. என் முதுகும் நனைந்துவிட்டது. அம்மா அதைக் கவனித்துவிட்டு, எங்களுக்குக் குடிக்க ஏதாவது எடுத்து வரும்படி பெண்ணிடம் சொன்னார்.

பெண் சமையலறைப் பக்கம் போகவில்லை. வாசல் வழியாக வெளியே போனாள். போன வேகத்தில் ஒரு தட்டில் இரண்டு எவர்சில்வர் தம்ளரோடு திரும்பி வந்தாள். தம்ளர் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது.

சார் ஒரே மூச்சில் குடித்தார். "அப்பாடா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் தம்ளரை வாயிலிருந்து எடுத்து வெளிப்பக்கத்தைத் தடவினார். ஈர விரலைப் பார்த்தார். பேரிங்கில் கீறலைப் பார்க்கிற அதே பார்வை. நான் என் தம்ளரை அவசரமாகக் காலி செய்து தட்டில் வைத்தேன்.

"ஃபிரிட்ஜ் இல்லன்னீங்களேம்மா."

"பக்கத்து ஊட்ல வாங்கியாந்துச்சு சார்," என்றார் அம்மா. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. சொன்னது பொய்யும் இல்லை.

சார் அதை யோசித்தார். நம்பினார். நம்பியது மட்டுமில்லை, உருகிப்போனார். தங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் கொடுக்கிறார், இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசாரச் செய்கிறவர்களிடம் எனக்குப் பயம் என்று முன்னாலேயே சொன்னேன். அவர் எழுந்து, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்றார்.

நேரமாகிவிட்டது, இன்னும் வீடு பார்க்க வேண்டும் என்று நான் அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் காதில் வாங்கவில்லை. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து வீடு ஒரு பாய் வீடு. வாசலில் பச்சைத் திரை. சார் மரியாதையாகத் திரைக்கு வெளியே நின்று, அம்மா என்று கூப்பிட்டார். உள்ளிருந்து வந்த பெண்மணி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையை ஒதுக்கினார். ஒதுக்கிய திரை ஒதுங்கியே நின்றது.

சின்னக் கூடம். அதில் இரண்டு ஃபிரிட்ஜ், ஒன்றோடு ஒன்று தோளை இடித்துக்கொண்டு நின்றன. ஒன்று சுவரோரம், அதன் இடத்தில். இன்னொன்று நடுவழியில், தரையோடு இழுத்துவந்த ஒயரில். அதன் கதவில் பிளஸ் டூ பரீட்சை அட்டவணை ஒட்டியிருந்தது, மேலே அந்தப் பெண் படித்த பள்ளியின் பெயர். சார் செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார், அந்த ஃபிரிட்ஜைத் திறந்தார். அடுக்கடுக்காகத் தூக்குச் சட்டியும் டப்பாவும், எல்லாவற்றிலும் இட்லி மாவு. அடுத்தவர் வீட்டுக்குள் போய் அடுத்தவர் ஃபிரிட்ஜைத் திறக்கிறவரை என்ன சொல்வது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையை நீட்டி நான்தான் கதவை மூடினேன்.

அம்மா தெருவிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஃபிளாட் வேலையை விட்டு நாளாகிவிட்டது. கணவர் விழுந்தபிறகு தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கி மாவு விற்க ஆரம்பித்தார். அந்த மாவில்தான் வீடு நடக்கிறது, பெண் பிளஸ் டூ முடித்ததும் அதில்தான். காலேஜுக்கு அது எட்டாது.

"நேரா சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டோமா?" என்றார் சார். அவருக்குக் குரல் நடுங்கியது. பொய் சொல்கிற வீட்டுக்குத் தன்னால் சரி என்று சொல்ல முடியாது என்றார். இது கம்பெனியின் நம்பிக்கை, ஒருவருக்கு இப்படிக் கொடுத்தால் நாளைக்கு உண்மையாகக் கஷ்டப்படுகிறவருக்கு இல்லாமல் போய்விடும் என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த பாய் வீட்டு அம்மா திரையைப் பிடித்தபடியே பேசினார்.

"சார், கோச்சிக்காதீங்க. போன வருசம் எதிர் ஊட்டுக்கு வந்தது நீங்கதான். நான் பாத்துகினுதான் இருந்தேன். டிவியைப் பாத்து இன்னா வெலன்னு கேட்டீங்க. அவங்க தம்பி வாங்கிக் குடுத்தது அது. அந்தப் பொண்ணு இப்ப துணிக்கடையில நின்னுகினு கீது. அத்தப் பாத்துட்டுத்தான் இவங்க பயந்துட்டாங்க."

சார் எதிர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. அவருக்கு அந்த வீடு நினைவில்லை, டிவிதான் நினைவிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

நானும் கிளம்பினேன். அப்போதுதான் பின்னால் அம்மா பெண்ணைத் திட்டுவது காதில் விழுந்தது. கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். குடத்துத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் போதுமே, உன்னை யார் அங்கே போகச் சொன்னது என்றார்.

"வெயில்ல வந்துகீறாங்களேம்மா," என்றாள் அந்தப் பெண்.

காரில் ஏறியும் சார் வண்டியை எடுக்கவில்லை. ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முடியாது என்று திரும்பவும் சொன்னார், இந்தத் தடவை என்னிடம். திங்கட்கிழமை காலை அந்தப் பெண் என்ன செய்வாள் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டுப் பெண் நிற்கிற கடையில் இன்னொரு பெண் நிற்பாள், இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸுக்குப் போவார்கள். நான் மேலதிகாரியிடம் குரலை உயர்த்துகிறவள் இல்லை. இன்கிரிமென்ட் மாதத்தில் நிச்சயமாக இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரை நானும் குடித்திருந்தேன். குடித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

"ஃபிரிட்ஜ் அங்கயே இருந்திருந்தா நிஜமாவே குடுத்திருப்பீங்களா சார்?"

அவர் ஏசியை இன்னும் கூட்டினார்.

"சரி, வேற ஒண்ணு கேக்கறேன். போன ஆடிட்டுக்குக் கஸ்டமர் வந்தப்ப நம்ம சிவப்புப் பெட்டியெல்லாம் எங்க சார் இருந்துச்சு?"

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எஸ்டேட்டில் இது ஊரறிந்த ரகசியம். வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முதல் நாள் எல்லா ரிஜெக்ட் பெட்டியையும் வண்டியில் ஏற்றிப் பக்கத்துக் கம்பெனி ஷெட்டில் வைத்துவிடுவோம். அவர்களுக்கு ஆடிட் என்றால் அவர்கள் பெட்டி எங்கள் ஷெட்டுக்கு வரும். தரையில் மஞ்சள் கோட்டைப் புதிதாக அடிப்போம். பெட்டி இருந்த இடத்தில் பூந்தொட்டி வைப்போம். வந்தவர்களுக்கு ஏசி அறையில் இளநீர் கொடுப்போம். வண்டியில் ஏற்றி அனுப்புகிறவள் நான். ஏற்றச் சொல்கிறவர் அவர்.

"அது வேற," என்றார்.

"என்ன சார் வேற? நம்ம பாகம் மோசம்கறதாலயா ஒளிச்சு வச்சோம்? இல்லையே. வர்றவங்க எதைப் பாத்தா மூஞ்சியைச் சுளிப்பாங்கன்னு நமக்குத் தெரியும், அதை எடுத்து வச்சோம். அவங்களும் அதான் செஞ்சாங்க. என்ன, நம்மளவுக்குப் பழக்கமில்ல, தண்ணியைக் குடுத்து மாட்டிக்கிட்டாங்க."

சொல்லிவிட்டேன். மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாடு வந்து பானெட்டை முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஒரு கட்டத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹெச்.ஆர். பெண்ணுக்குப் போன் போட்டு, பூந்தமல்லி கேஸ் சரி, திங்கட்கிழமை முதல் வேலையாகக் கட்டிவிடுங்கள் என்றார். அப்புறம் என்னிடம், நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றார்.

நான் போனபோது மூன்று பேரும் சேர்ந்து ஃபிரிட்ஜை வாசலைத் தாண்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மாவுச் சட்டிகள் தெருவில் வரிசையாக இருந்தன. நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா சந்தோஷப்படவில்லை, ஃபிரிட்ஜின் மேல் கையை வைத்தபடி என்னையே பார்த்தார். சார் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு இன்னொரு தடவை கேட்டார். பெண் மட்டும் உள்ளே ஓடிப்போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து அந்தச் சதுரத்தை அழுத்தி அழுத்திப் பெருக்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கினாள், அதனால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆண்டு விழாவில் சாருக்குக் கேடயம் கொடுத்தார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஃபிரிட்ஜ் கதையைச் சொன்னார். ஒரு தம்ளர் தண்ணீர் தன் கண்ணைத் திறந்தது என்றார். ஃபிரிட்ஜ் ஆடம்பரமில்லை, அது ஒரு தாயின் உழைப்பு என்றார். சிவப்புப் பெட்டியும் பக்கத்து ஷெட்டும் அந்தக் கதையில் வரவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. அழுதார், உண்மையாகவே அழுதார். ஹால் முழுக்கக் கை தட்டியது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் பெண்ணையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கதையை ஊரே கேட்டுக் கை தட்டும்போது ஒருவர் எங்கே பார்ப்பது? அந்த அம்மா தன் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் நிமிர்ந்து நேராக மேடையைப் பார்த்தாள். அவள் நர்ஸ் ஆகிவிடுவாள் என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தப் பேச்சை வீடியோ எடுத்துக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள். அது போன் போனாகப் போயிற்று, எங்கள் தெரு குரூப்புக்கே வந்து சேர்ந்தது.

அடுத்த ஜூனிலும் எங்களைத்தான் ஜோடி சேர்த்தார்கள். சாரே கேட்டு வாங்கினாராம். இந்தத் தடவை மாங்காடு. கோயிலுக்குப் பின்னால் ஒரு தெரு, கோணி விரித்த வாசல், உள்ளே அப்பாவும் ஒரு பெண்ணும். பி.காம். சீட், அதற்கும் ஒரு கடைசி நாள். அப்பா லோடுமேன், அம்மா இல்லை. கூடத்தின் நடுவில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, ஒரு ஃபிரிட்ஜ் நின்றது.

சாரின் முகம் மலர்ந்துவிட்டது. மாவு வியாபாரமா என்று அவரே கேட்டார். ஆமாம் சார் என்றார் அந்த அப்பா, கேள்வி முடிவதற்கு முன்னாலேயே. உழைக்கிற குடும்பம் என்று சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் கண்ணுக்கு இப்போது கீறல் எதுவும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. ஃபிரிட்ஜ் கதவில் சின்னக் குழந்தைகள் ஒட்டுகிற கார் பொம்மை ஸ்டிக்கர்கள், இந்த வீட்டில் அந்த வயதில் யாரும் இல்லை. பின்பக்கம் ஒயர் சுருட்டிக் கட்டிய கட்டு அவிழ்க்கப்படாமலே இருந்தது. கிரைண்டர் எங்கேயும் காணோம். பெண் இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒரு வாய் குடித்தேன். குழாயில் வெயில் நேரத்தில் வருகிற தண்ணீர், வாயில் வெதுவெதுவென்று இருந்தது.

சாரும் குடித்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம், அந்த ஃபிரிட்ஜைக் கொஞ்சம் திறங்க. மாவோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம். ஆண்டு விழாவுக்கு ஆகும்."

அந்த அப்பா அசையவில்லை. பெண் சமையலறை வாசலில் காலித் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். நான் போய்க் கதவைத் திறந்தேன். சார் பக்கம் தெரியாதபடி, என் உடம்பு அகலத்துக்கு மட்டும். உள்ளே விளக்கு எரியவில்லை. பூட்டிவைத்த பிளாஸ்டிக் நாற்றம். மேல்தட்டில் யாருடைய வீட்டுக் குழந்தைக்கோ வாங்கிய மருந்து பாட்டில் ஒன்று, அவ்வளவுதான். எனக்கு அந்த அப்பாவின் மேல் கோபம் வரவில்லை. நாங்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்று எங்கிருந்தோ தெரிந்துகொண்டு, யாரிடமோ கெஞ்சி, தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்.

கதவை மூடி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

"மாவு இருக்கா மேடம்?" என்றார் சார், போனைத் தூக்கியபடி.

"நெறைய இருக்கு சார். போட்டோ வேணாம். திறந்து வச்சா புளிச்சிடும்."